வங்கிகள் சங்கத்துக்கு எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது

திருகோணமலை மத்திய வீதியில் எனக்கு ஒரு சிறிய தட்டச்சுக் கடை இருக்கிறது. போட்டோ கொப்பி, லமினேற்றிங், படிவம் நிரப்புதல் என்று நாள் ஓடும். ஆனால் பத்தொன்பது வருடமாக இந்தக் கதிரையில் இருந்து நான் அதிகம் அடித்தது முறைப்பாட்டுக் கடிதங்கள்தான். முன்பெல்லாம் காணி, ஓய்வூதியம், மின்சாரப் பட்டியல் என்று வருவார்கள். இப்போது வங்கிக் கடிதங்கள் முன்னுக்கு வந்துவிட்டன. கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரு நாள் உழைப்பை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறார்கள். கடிதம் பிழையான மேசைக்குப் போனால் அந்த நாளும் போய்விட்டது, தபால் காசும் போய்விட்டது. அப்படிப் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் மாசி மாதம் தம்பலகாமத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பிளாஸ்டிக் பைக்குள் பாஸ் புக். ஓய்வூதியம் விழும் கணக்கு. ஒவ்வொரு மாதமும் 27ஆம் திகதி 1,850 ரூபா கழிந்திருந்தது. பக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள், என்னவென்று விளக்கம் இல்லை. பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் ஒவ்வொரு வரியையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருந்தார். பதினொரு வட்டம். மொத்தம் 20,350 ரூபா.

கையோடு நாலு பக்கக் கடிதமும் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கீழே பிரதிகள் போக வேண்டிய இடங்கள்: ஜனாதிபதி, பிரதமர், மாகாண ஆளுநர் என்று தொடங்கி ஒன்பது. ஆறாவதாக இலங்கை வங்கிகள் சங்கம்.

"பிள்ளை, மற்றதை விட்டாலும் அதை விட்டுடாத. எல்லா வங்கிக்கும் மேல இருக்கிறது அவைதானே" என்றார்.

நான் கேட்டேன்: "மாஸ்டர், ஒரு பிள்ளையின் தகப்பன் உங்களுடைய ஆசிரியர் சங்கத்துக்கு வந்து, இன்ன ஆசிரியர் என் பிள்ளைக்கு அடித்துவிட்டார் என்று முறையிட்டால் என்ன சொல்லுவீர்கள்?"

"அதிபரிட்டப் போகச் சொல்லுவம். அங்க சரிவராட்டி வலயக் கல்விப் பணிமனை."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கிளை முகாமையாளர் அதிபர் மாதிரி. மத்திய வங்கி கல்விப் பணிமனை மாதிரி. வங்கிகள் சங்கம் ஆசிரியர் சங்கம் மாதிரி. சங்கம் தன் உறுப்பினருக்காகப் பேசும், உறுப்பினர் எல்லோரும் ஒத்துச் செய்ய வேண்டியதைக் கூடிப் பேசி முடிவெடுக்கும். தனியொருவரின் வழக்கை அது விசாரிக்காது.

முதலில் பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

தமிழில் எழுதும்போது இங்கே ஒரு சிக்கல் உண்டு. 'இலங்கை வங்கி' என்பது 1939இல் தொடங்கிய ஒரு அரச வங்கியின் பெயர். 'இலங்கை மத்திய வங்கி' 1950இல் வந்தது, எல்லா வங்கிகளையும் கண்காணிப்பது. 'இலங்கை வங்கிகள் சங்கம்' இவை இரண்டும் அல்லாத மூன்றாவது. அந்தக் 'கள்' விழுந்துவிட்டால் கடிதம் ஒரு வங்கியின் சங்கத்தைத் தேடிப் போகும். உறையில் முகவரி அடிக்கும்போது நான் இந்த எழுத்தை இரண்டு தடவை பார்ப்பேன்.

வங்கிகள் சங்கம் உத்தரவாதத்தால் மட்டுப்படுத்தப்பட்ட கம்பனியாகப் பதியப்பட்டது. பங்கு இலாபம் பிரிக்கிற கம்பனி இல்லை. அதன் உறுப்பினர்கள் ஆட்கள் இல்லை, வங்கிகள். அரச வங்கியும் இருக்கும், தனியார் வங்கியும் இருக்கும், இங்கே கிளை வைத்திருக்கும் வெளிநாட்டு வங்கியும் இருக்கும். வங்கிகளின் தலைமை நிர்வாகிகளில் ஒருவர் சங்கத்துக்குத் தலைவராக இருப்பார். இது எங்கள் நாட்டில் மட்டும் உள்ள ஏற்பாடு இல்லை. அமெரிக்காவில் இப்படியொரு சங்கம் 1875இலேயே தொடங்கிவிட்டது. இந்திய வங்கிகள் சங்கம் 1946இல் வந்தது.

வங்கி ஊழியர் சங்கம் வேறு. அது வேலை செய்கிறவர்களின் தொழிற்சங்கம். பணிப்புறக்கணிப்பு என்று செய்தியில் வந்தால் அது அவர்கள். இந்தியத் தொலைக்காட்சி பார்க்கிறவர்கள் இதில் குழம்புவதுண்டு. ஏனென்றால் அங்கே வங்கிகள் சங்கமே ஊழியர் சங்கங்களோடு உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் பேசும். அப்படியான முதல் ஒப்பந்தம் 1966இல் வந்தது. இங்கே தனியார் வங்கிகளின் கூட்டு ஒப்பந்தங்களை முதலாளிமார் சம்மேளனம் பேசுகிறது.

அடுத்தது, உங்கள் பிரச்சினை உண்மையில் ஒரு வங்கியோடுதானா என்று பாருங்கள். முச்சக்கரவண்டி லீசிங் பெரும்பாலும் நிதிக் கம்பனியில் எடுத்ததாக இருக்கும். அவர்களுக்குத் தனிச் சங்கம் உண்டு. குழுவாகச் சேர்ந்து எடுக்கும் கிழமைக் கடன் நுண்நிதிக் கம்பனியுடையது. அதற்கென்று 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கி பெயரில் வங்கிதான், ஆனால் மாகாணக் கூட்டுறவுத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. சமுர்த்தி வங்கியும் வேறு வழி. சந்தேகமாக இருந்தால் மத்திய வங்கி வெளியிடும் உரிமம் பெற்ற வங்கிகளின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வங்கிகள் சங்கத்துக்கும் அந்த நிறுவனத்துக்கும் தொடர்பு இல்லை.

சங்கம் என்ன செய்யும்

வங்கிகள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. ஆனால் சில வேலைகளை ஒரு வங்கி தனியாக நின்று செய்ய முடியாது. காசோலையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் கடை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்திய காலத்தில், கொழும்பு வங்கிக் காசோலையை இங்கே போட்டால் அந்தத் தாளே பயணம் செய்து கொழும்புக்குப் போக வேண்டும். பாதை மூடிக் கிடந்தால் அதுவும் கிடக்கும். மீன் வியாபாரம் செய்த என் மாமா காசோலை மாறும்வரை ஐஸ் காசுக்குக் கைமாற்று வாங்கி அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். 2002இல் மத்திய வங்கியும் வணிக வங்கிகளும் சேர்ந்து லங்காகிளியர் என்ற பொதுக் கம்பனியை அமைத்தன. 2006இலிருந்து தாளுக்குப் பதிலாகக் காசோலையின் படம் போகத் தொடங்கியது. தெற்காசியாவில் இதைச் செய்த முதல் நாடு இலங்கை. 2015இல் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனே காசு போகும் முறையும் வந்தது. எல்லா வங்கியும் ஒரே அளவில் காசோலை அச்சடிக்க வேண்டும், ஒரே நேரத்தில் கணக்கு முடிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் நடக்காது. இந்த மாதிரி விடயம் பேசத்தான் வங்கிகளுக்கு ஒரு பொது மேசை தேவை.

மற்ற வேலை, அரசாங்கத்தோடும் மத்திய வங்கியோடும் ஒரே குரலில் பேசுவது. இதைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். சங்கம் பேசுவது வங்கிகளுக்காக. அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, அதற்காகத்தான் அது இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஈடாக வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் உண்டு. பராட்டே என்று சொல்வது இதைத்தான். முதல் தொகை 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடனுக்கு இதைப் பாவிக்க முடியாது. 2024இல் இந்த அதிகாரத்தைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். பிறகு அந்த நிறுத்தம் 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டது. சிறு வியாபாரிகளின் சங்கங்கள் இன்னும் நீடிக்கச் சொல்லிக் கேட்டன. நாங்கள் கடன் கொடுப்பது மக்கள் வைப்பிலிட்ட காசை, அதைத் திருப்பி அறவிட வழி வேண்டும் என்பது வங்கிகள் பக்கத்து நியாயம். கடன்பட்டவரும் என் கடைக்கு வருகிறார், ஓய்வூதியக் காசை நிலையான வைப்பில் போட்டவரும் வருகிறார். இருவர் முகத்தையும் பார்ப்பதால் எனக்கு இரண்டு நியாயமும் விளங்குகிறது. ஆனால் வங்கிகள் தங்களுக்காகப் பேச அமைத்த சங்கத்திடம் போய் எனக்கு நீதிபதியாக இரு என்று கேட்க முடியாது.

நான் அடிக்க மறுக்கும் கடிதங்கள்

'வட்டியைக் குறைக்கச் சொல்லி வங்கிகள் சங்கத்துக்கு ஒரு கடிதம்' என்று அடிக்கடி வருகிறார்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்கள் இங்கே வரிசையில் நின்றார்கள். அந்த முடிவு மத்திய வங்கியுடையது. 2023 ஓகஸ்டில் அடைவு வட்டி 18 வீதத்துக்கும் கடனட்டை வட்டி 28 வீதத்துக்கும் மேலே போகக்கூடாது என்று உச்சவரம்பு வைத்ததும் மத்திய வங்கிதான். வங்கிகள் கூடியிருந்து வட்டியைத் தங்களுக்குள் பேசி முடிவுசெய்வது எங்களுக்கு நன்மையும் இல்லை. அவை போட்டி போட்டால்தான் குறைந்த வட்டிக்குக் கேட்க எங்களுக்கு இன்னொரு வாசல் இருக்கும்.

'கிரிப்பிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லுங்கோ' என்பது அடுத்தது. கிரிப் என்று சொல்லும் கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அது கறுப்புப் பட்டியல் இல்லை. ஒழுங்காகக் கட்டியதும் அதில் இருக்கும், தவறியதும் இருக்கும். உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு எடுக்கலாம். பிழை இருந்தால் அந்தத் தகவலைக் கொடுத்த வங்கிக்கு எழுத்தில் கொடுத்துத் திருத்த வேண்டும்.

வங்கி முறிந்தால் சங்கம் காசு தருமா என்றும் கேட்பார்கள். தராது. அதற்கு வைப்புக் காப்புறுதித் திட்டம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை.

உங்கள் சொந்த முறைப்பாடு போக வேண்டிய வழி

மாஸ்டருடைய கடிதத்தையே உதாரணமாக வைக்கிறேன். நாலு பக்கத்தை ஒரு பக்கமாக்கினோம். முப்பத்திரண்டு வருடச் சேவை, மனைவியின் நோய், நாட்டின் நிலை எல்லாவற்றையும் எடுத்தேன். அவருக்கு அது கஷ்டமாக இருந்தது, எனக்கும்தான். ஆனால் வாசிக்கிற அதிகாரிக்குத் தேவை நாலு விடயம்: கணக்கு இலக்கம், என்ன நடந்தது, எந்தத் திகதிகளில், நீங்கள் கேட்பது என்ன. பதினொரு திகதியையும் பதினொரு தொகையையும் ஒரு அட்டவணையில் போட்டேன். கடைசி வரி: 'இக்கழிவுக்கு நான் சம்மதம் தெரிவித்த ஆவணத்தின் பிரதியைத் தரவும், அவ்வாறு இல்லையெனில் 20,350 ரூபாவை மீள வரவு வைக்கவும்.' கேள்வி அவ்வளவுதான்.

முதல் கடிதம் கிளைக்கே போக வேண்டும். இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றை அவர்கள் வைத்துக்கொள்வார்கள். மற்றதில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். 'மனேஜரிட்டச் சொன்னனான்' என்பது எங்கும் செல்லாது. முத்திரை குத்திய தாள்தான் அடுத்த படிக்கு ஏணி. முறைப்பாட்டு இலக்கம் தந்தால் அதே தாளில் எழுதுங்கள். தனியாக ஒரு துண்டில் எழுதினால் அது கட்டாயம் தொலையும்.

கிளையில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால், அதே வங்கியின் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவுக்கு, முத்திரையிட்ட பிரதியையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கேயும் முடியவில்லை என்றால் இரண்டு வாசல் இருக்கிறது.

ஒன்று நிதி ஒம்புட்ஸ்மன். வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் உள்ள பிணக்கைப் பார்க்க அமைத்த அலுவலகம். கட்டணம் இல்லை. ஆனால் வங்கிக்கு முதலில் எழுதியிருக்க வேண்டும், விடயம் நீதிமன்றத்தில் இருக்கக்கூடாது. எனக்குக் கடன் தர மறுத்துவிட்டார்கள் என்ற முறைப்பாட்டோடு அங்கே போகாதீர்கள், கடன் கொடுப்பதா இல்லையா என்பது வங்கியின் வியாபாரத் தீர்மானம்.

மற்றது மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம். 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். கடிதமாகவும் கொடுக்கலாம். மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலேயே பிரதேச அலுவலகம் இருக்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. கொழும்புக்கு இரவு பஸ் ஏறும் முன் அங்கே போய் விசாரியுங்கள். 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென்று தனி ஒழுங்குவிதிகளும் வந்துவிட்டன. அதற்கு முதலே, 2011இல், வங்கிகளின் வாடிக்கையாளர் பட்டயம் பணிப்புரையாக வந்திருந்தது. கடிதத்தில் இவற்றின் பெயரை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். வாசிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

மாஸ்டருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து முப்பத்தெட்டாம் நாள் பதில் வந்தது. இணைப்பில் அவர் கையொப்பமிட்ட ஒரு தாள். நிலையான வைப்புத் தொடங்கிய அன்று கொடுத்த ஏழு பக்கத்தில் ஐந்தாவது பக்கம், காப்புறுதிக்கான சம்மதம். முழுதும் ஆங்கிலம். பெருக்கல் குறி போட்ட இடத்தில் அவருடைய அழகான தமிழ்க் கையொப்பம். அவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பத்திரெண்டு வருசம் பிள்ளையளுக்கு வாசிச்சு விளங்கிக் கையெழுத்து வையுங்கோ எண்டு சொன்னனான்" என்றார். விளக்கம் தமிழில் தரப்படவில்லை என்று சுட்டிக்காட்டி இன்னொரு கடிதம் அடித்தோம். காசு திரும்பி வந்தது. ஒரு உரப்பையில் தம்பலகாமத்துச் சிவப்பரிசி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஆனால் அந்த ஐந்தாம் பக்கம் என் மனதில் கிடந்தது.

சங்கத்துக்கு எழுத வேண்டிய கடிதம் எது

அதற்குப் பிறகு நான் ஒரு கொப்பி வைத்தேன். விளங்காத மொழியில் கையொப்பமிட்டு மாட்டிக்கொண்டவர் யார் வந்தாலும், பெயர் இல்லாமல், என்ன படிவம், எந்த மாதிரி வங்கி என்று மட்டும் குறித்தேன். கிண்ணியாவில் மச்சானுக்குப் பிணை வைத்த ஒரு தம்பி, தான் சாட்சிக் கையெழுத்துத்தான் வைத்ததாக நினைத்திருந்தான். உப்புவெளியில் இரண்டு அறை வாடகைக்கு விடும் ஒரு அக்கா, சலுகைக் காலத்தில் வட்டியும் நிற்கும் என்று நம்பியிருந்தார். ஏழாவது ஆள் வந்தபோது கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். நாலு வங்கி. அப்படியானால் இது ஒரு கிளையின் பிழையோ ஒரு வங்கியின் பிழையோ இல்லை, எல்லோருக்கும் பொதுவான பழக்கம். பொதுவான பழக்கத்தை மாற்றப் போக வேண்டிய இடங்களில் ஒன்று வங்கிகள் சங்கம்.

அதனால் முதல் சோதனை இது: உங்கள் பிரச்சினை குறைந்தது மூன்று வங்கியில் ஒரே மாதிரி இருக்கிறதா? இருந்தால் எழுதலாம்.

இரண்டாவது, தனியாளாக எழுதாதீர்கள். சங்கம் சங்கத்தோடுதான் பேசும். மீனவர் சங்கம், வர்த்தகர் சங்கம், மாதர் அபிவிருத்திச் சங்கம், விடுதி வைத்திருப்போர் சங்கம், எதுவானாலும் பதிவு இலக்கம் உள்ள கடிதத் தலைப்பு வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு சுற்றுலாத் துறைக் கடன்களுக்கு மத்திய வங்கி சலுகை அறிவித்தது, அது துறை முழுவதற்குமாக வந்தது. நிலாவெளியில் ஒருவரின் அறை காலியாகக் கிடக்கிறது என்று தனிக் கடிதம் போயிருந்தால் யாரும் கொள்கை மாற்றியிருக்க மாட்டார்கள். கூட்டக் குறிப்பில் தீர்மானம் நிறைவேற்றி, அதன் திகதியைக் கடிதத்தில் போடுங்கள்.

மூன்றாவது, சங்கத்தால் செய்யக்கூடியதைக் கேளுங்கள். அது எந்த வங்கிக்கும் கட்டளை இட முடியாது. ஆனால் உறுப்பினர்களுக்கு ஒரு பொதுப் படிவத்தைப் பரிந்துரைக்கலாம், தன் கூட்டத்தில் விடயத்தை எடுக்கலாம், மத்திய வங்கியோடு பேசும்போது முன்வைக்கலாம். 'நடவடிக்கை எடுங்கள்' என்று மட்டும் எழுதினால் எடுக்க எதுவும் இருக்காது.

வங்கி பக்கத்துச் சிரமத்தையும் ஒரு வரியில் ஏற்றுக்கொள்ளுங்கள். முழு ஒப்பந்தத்தையும் மூன்று மொழியில் வைத்தால், வழக்கு வரும்போது எந்த மொழி வாசகம் செல்லும் என்ற கேள்வி எழும். அது நியாயமான கேள்வி. அதனால் நாங்கள் முழு மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை, ஒரு பக்கச் சுருக்கம் கேட்டோம். எங்கள் வர்த்தகர் சங்கத்துக்காக நான் அடித்த கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருந்தது. உங்கள் தேவைக்கு மாற்றிப் பாவியுங்கள்:

'விடயம்: பிணையாளிகளுக்கும் கடன் பெறுவோருக்கும் தமிழில் ஒரு பக்க விளக்கத்தாள்

மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி,

திருகோணமலை மாவட்டத்தில் இயங்கும் எமது சங்கத்தின் உறுப்பினர்கள் பல்வேறு வங்கிகளில் கடன் பெற்றும் பிணை நின்றும் வருகின்றனர். கையொப்பமிடும் ஆவணங்கள் தமக்கு விளங்கும் மொழியில் இல்லாமையால், தமது பொறுப்பு என்னவென்று அறியாமலே கையொப்பமிடும் நிலை உள்ளது. நான்கு வங்கிகள் தொடர்பான ஏழு சம்பவங்களின் விபரம், ஆட்களின் பெயர் நீக்கப்பட்டு இணைக்கப்பட்டுள்ளது.

ஒப்பந்தத்தின் சட்ட வாசகத்தை மாற்றுமாறு நாம் கேட்கவில்லை. கடன் தொகை, வட்டி மாறுமா என்பது, பிணையாளி எப்போது எவ்வளவு கட்ட நேரிடும், காப்புறுதி கட்டாயமா விருப்பமா, முறைப்பாடு செய்யும் இடம் ஆகிய ஐந்தும் அடங்கிய ஒரு பக்கத் தமிழ் விளக்கத்தாளை, கையொப்பத்துக்கு முன் வாசித்துக் காட்டி வழங்குமாறு தங்கள் உறுப்பினர் வங்கிகளுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். எமது மாதிரித் தாள் இணைக்கப்பட்டுள்ளது.

இது குறித்து நேரில் விளக்க எமது பிரதிநிதிகள் இருவர் தயாராக உள்ளனர்.'

கீழே தலைவர், செயலாளர் கையொப்பம், சங்க முத்திரை. பிரதி இரண்டே இடத்துக்கு: மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், திருகோணமலைப் பிரதேச அலுவலகம். ஜனாதிபதி தேவையில்லை.

அந்த மாதிரித் தாளை நீங்களே செய்து இணைப்பதில் விசேஷம் இருக்கிறது. ஒரு அலுவலகத்துக்கு வேலை கொடுக்கிற கடிதத்தைவிட, பாதி வேலையை முடித்துக் கொடுக்கிற கடிதம் முன்னுக்கு நகரும். எங்கள் தாளைச் செய்ய மூன்று மாலை எடுத்தது. 'பிணையாளி' என்ற சொல்லை வைத்து ஒரு மாலை முழுக்க வாக்குவாதம். மூதூர்க்காரர் ஒருவர், அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்குச் சிறைப் பிணைதான் ஞாபகம் வரும் என்றார். கடைசியில் சொல்லை வைத்துக்கொண்டு, கீழே ஒரு வரி சேர்த்தோம்: 'கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் இந்தக் காசை நீங்கள் கட்ட வேண்டும்.' அந்த வரியை உரத்து வாசித்தபோது, அறையில் இருந்த இரண்டு பேர் தங்கள் பெயரில் எத்தனை பிணை இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினார்கள்.

கடிதத்தைத் தமிழிலேயே கையொப்பமிடுங்கள். அதோடு ஒரு ஆங்கிலப் பிரதி இணையுங்கள், வேகத்துக்காக. தமிழ் அரசகரும மொழி. அதில் எழுதக் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் மொழிபெயர்க்க ஆள் தேடி உங்கள் கடிதம் மேசையில் காத்துக் கிடக்கவும் வேண்டாம்.

சம்பவ விபரத்தில் ஆட்களின் பெயர், கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எதுவும் இருக்கக்கூடாது. கறுப்பு மார்க்கரால் அழித்துவிட்டு அப்படியே அனுப்பாதீர்கள், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அழித்த தாளைப் போட்டோ கொப்பி எடுத்து அந்தக் கொப்பியை அனுப்புங்கள். வங்கிகளின் பெயரையும் முதல் கடிதத்தில் போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 'ஒரு அரச வங்கி, மூன்று தனியார் வங்கிகள்' என்றால் போதும். பெயர் போட்டால் நாலு வங்கியும் தங்களைக் காக்கப் பேசத் தொடங்கும், விளக்கத்தாளைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கேட்டால் சந்திப்பில் சொல்லலாம்.

அப்புறம், அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். பதிவுத் தபால் துண்டைக் கடிதப் பிரதியிலேயே பசை போட்டு ஒட்டுங்கள். ஸ்டேப்ளர் பின் இந்த உப்புக் காற்றுக்கு ஒரு வருடத்தில் துருப்பிடித்து எழுத்தைத் தின்றுவிடும். அனுப்பிய நாளிலிருந்து முப்பதாம் நாளைக் கலண்டரில் குறித்து, யார் தொலைபேசி எடுப்பது என்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். 'யாராவது எடுப்பினம்' என்றால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள். சந்திப்புக்கு நேரம் தந்தால் இருவர் மட்டும் போங்கள். ஒருவர் பேசவும், மற்றவர் எழுதவும். பிரச்சினையில் நேரே பட்ட ஒருவர் அந்த இருவரில் இருப்பது நல்லது. அவருக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் பரவாயில்லை, தமிழில் பேசட்டும், மற்றவர் சொல்லிக் கொடுக்கலாம்.

எங்கள் கடிதம் போன கிழமை வியாழக்கிழமை தபாலில் சேர்ந்தது. துண்டு என் கொப்பியின் முதல் பக்கத்தில், மாஸ்டருடைய பதினொரு சிவப்பு வட்டத்தின் கொப்பிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. தொலைபேசி எடுக்கும் பொறுப்பு கிண்ணியாத் தம்பிக்கு. சந்திப்பு வந்தால் நான் வரட்டுமா என்று மாஸ்டர் கேட்டிருக்கிறார். வாருங்கள், பாஸ் புக்கையும் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.